எழுபது வயசுல தாயம் போடுவது எப்படி

முதல்ல ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை வாங்குங்க. கும்பகோணம் பக்கம் இருக்கிறவங்க பாத்திரக்கடையில கேட்டுப் பாருங்க. மத்த ஊர்க்காரங்களுக்குக் கோயில் வாசல் கடையோ, நவராத்திரிக்குப் பொம்மை விக்கிற கடையோ இருக்கு. வாங்கறப்போ கட்டை கையில கனமா இருக்கணும், புள்ளி ஆழமாக் குடைஞ்சிருக்கணும். பெயின்ட் புள்ளி சீக்கிரம் அழிஞ்சிடும். குடைஞ்ச புள்ளின்னா கண்புரை இருக்கிறவங்ககூட விரலால தடவி எண்ணிக்கலாம். எங்க கூட்டத்துல ஒருத்தர் அப்படித்தான் எண்ணறார். தடவற சாக்குல கட்டையைப் புரட்டறாரான்னு மத்தவங்க கழுத்தை நீட்டிக் காவல் காக்கறது தனி ஆட்டம்.

நான் கும்பகோணம் – தஞ்சாவூர் ரூட்ல கண்டக்டரா இருந்தவன். பாபநாசம், அய்யம்பேட்டை வழியா நின்னுக்கிட்டே வாழ்க்கையைக் கழிச்சவன்னு சொல்லலாம். 58ல வீட்டுக்கு அனுப்பினாங்க, இப்ப 70 நடக்குது. இருப்பு தாராசுரம். ரிட்டயர் ஆனவனுக்கு ஊரே கூடிப் புத்தி சொல்லும்: காலையில நட, உப்பைக் குறை, கோயிலுக்குப் போ, பேரனைப் பள்ளிக்கூடத்துல விடு. எல்லாம் நல்லதுதான், நானும் செய்யறேன். ஆனா இதுல எதுலயாவது ஜெயிக்க முடியுமா? தோக்க முடியுமா? எதிராளின்னு ஒருத்தன் உண்டா?

வயசாக ஆக எல்லாரும் நமக்கு விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிடறாங்க. பஸ்ல சீட்டு, பந்தியில முதல் இலை, பேச்சுல "சரிப்பா, நீங்க சொல்றதுதான் சரி". மரியாதைதான், இல்லேங்கல. ஆனா நாள் முழுக்க மரியாதையே கிடைச்சா மனுஷனுக்குச் சப்புனு ஆயிடுது. நம்மளைத் தோக்கடிக்கணும்னு ஒருத்தன் மெனக்கெட்டு யோசிக்கிறான்னா, அவன்தான் நம்மளை இன்னும் ஆளா நினைக்கிறான். அந்த மாதிரி ஆளைத் தேடிப் பிடிக்கறதுக்கும், அவனோட தினம் ஒரு மணி நேரம் சண்டை போடறதுக்கும்தான் இந்த வழிகாட்டி.

இன்னொண்ணு. கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி தொண்ணூறு தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்தாங்க, 2018ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. அவங்களைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா அதை அளவுகோலா வெச்சுக்கிட்டு நாளைக்கே தலைகீழா நிக்கப் போகாதீங்க. நான் சொல்றது உட்கார்ந்த இடத்துல நடக்கற குறும்பு.

எங்கே, எப்படி உட்காருவது

தாயம்னா தரையில கோலமாவால கட்டம் போட்டுச் சுத்தி உட்காரணும்னு நினைப்போம். தரையில உட்காருவது சுலபம். எழுந்திருக்கறதுக்குத்தான் ரெண்டு ஆளு வேணும். மூட்டு சரியில்லாதவங்க தரையை மறந்துடுங்க. எங்க வீட்டுத் திண்ணையில ஒரு பழைய டீப்பாய் இருக்கு. அதுமேல பிளைவுட் பலகை, பலகையில கறுப்புப் பெயின்ட்ல கட்டம். கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு பிஸ்கட் வெக்கிற அளவாவது இருக்கட்டும். சின்னதாப் போட்டா காய் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னே அரைமணி நேரம் பஞ்சாயத்து.

மேஜையில கட்டை உருட்டினா உருண்டு கீழே விழும். குனிஞ்சு தேடறவருக்குத் தலை சுத்தும். அதனால ஒரு தாம்பாளத்துல பழைய துண்டை மடிச்சுப் போட்டு அதுக்குள்ள உருட்டுங்க. "டணார்"னு சத்தம் வராதேன்னு எங்க நெசவுக்கார நண்பர் வருத்தப்பட்டார். அவருக்காகத் துண்டை எடுத்துட்டு வெறும் தாம்பாளத்துல உருட்ட ஆரம்பிச்சோம். இப்ப தெருமுனை வரைக்கும் கேக்குது. சத்தம் கேட்டு வந்து சேந்தவங்களும் உண்டு, அதனால ஒரு விதத்துல நல்லதாப் போச்சு.

நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கணும். வெளிச்சம் முதுகுப் பக்கத்துல இருந்து வரணும். ஒரு ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து நாலு அடி நடந்துட்டு வந்துதான் அடுத்த ஆட்டம். சட்டுனு எழுந்திருக்காதீங்க, முதல்ல காலை ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு எழுந்திருங்க. என்கிட்ட பழைய விசில் ஒண்ணு இருக்கு. ஒரு விசில் அடிச்சா எல்லாரும் எழுந்திருக்கணும், ரெண்டு விசில் அடிச்சா உட்காந்து ஆட்டத்தை ஆரம்பிக்கணும். பஸ்ல செஞ்சதேதான், பிரயாணிங்கதான் வேற.

ஆள் பிடிப்பது

இதுதான் எல்லாத்துலயும் கஷ்டம். எழுபது வயசு ஆம்பளையைப் பாத்து "விளையாட வர்றீங்களா"ன்னு கேட்டுப் பாருங்க, சுத்தும் முத்தும் பாப்பார். அதனால அப்படிக் கேக்காதீங்க. "எனக்கு ஒரு கை குறையுது, அஞ்சு நிமிஷம் வந்து உட்காருங்க, அவர் வந்ததும் எழுந்துக்கலாம்"னு சொல்லுங்க. உதவின்னா வருவாங்க. வந்து ஒரு காய் வெட்டுப்பட்டுட்டா போதும், அப்புறம் எழுப்பவே முடியாது.

கூட்டாளியா யாரைச் சேக்கறதுங்கறதுல எனக்கு ஒரு கணக்கு உண்டு. ரொம்ப நல்லவங்க வேண்டாம். "பரவாயில்ல, நீங்களே ஜெயிங்க"ங்கற ஆளு ஆட்டத்தைக் கொன்னுடுவார். கொஞ்சம் வாய் நீளமான ஆளு, கொஞ்சம் கள்ளாட்டம் ஆடற ஆளு, கணக்குல புலி ஒருத்தர், தோத்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறவர் ஒருத்தர். இந்த நாலு பேர் இருந்தா டிவி தேவையில்லை.

நாலு பேர் ஆட்டத்துக்கு நாலு பேரை மட்டும் சேத்துக்காதீங்க, ஆறு ஏழு பேரைப் பழக்கி வைங்க. இந்த வயசுல ஒருத்தர் மகன் வீட்டுக்குப் போயிடுவார், ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி. ஒருத்தர் திரும்பி வராமலே போயிடுவார். எங்க கூட்டத்துலயும் அது நடந்துச்சு. பச்சைக் காய் அவரோடது. காரியம் முடிஞ்ச மறுவாரம் யாரும் பச்சையைத் தொடல. அப்ப எங்க கள்ளாட்டக்காரர்தான், "அவன் இருந்தா இந்நேரம் மூணு தடவை என்னை வெட்டியிருப்பான், கொடு அந்தப் பச்சையை"ன்னு எடுத்து ஆடினார். இப்ப பச்சை சுத்திச் சுத்தி எல்லார் கைக்கும் வரும். பச்சை வெச்சு ஆடறவர் அன்னைக்கு யாருக்கும் ஈவு இரக்கம் காட்டக் கூடாதுங்கறது சட்டம்.

சட்டம்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விதியைப் பேசி, முடிஞ்சா ஒரு அட்டையில எழுதி மாட்டிடுங்க. தாயத்துக்கு ஊருக்கு ஒரு விதி, தெருவுக்கு ஒரு விதி. "எங்க மாயவரத்துல இப்படி இல்ல"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா சாயங்காலம் போயிடும். எங்க அட்டையில விளையாட்டு விதியோட இன்னொரு வரியும் இருக்கு: மாத்திரை, சுகர், மூட்டு, மருமகள் இந்த நாலும் ஆட்டம் நடக்கறப்போ பேசக் கூடாது. பேசினா ஒரு தடவை உருட்டற முறை போச்சு. ஆரம்பத்துல பாதிப் பேருக்கு முறையே வரல. இப்ப நாக்கைக் கடிச்சுக்கறாங்க.

பந்தயம் உண்டா? உண்டு. ஆனா காசு கூடவே கூடாது. பத்து ரூபா வெச்சாலும் முகம் மாறிடுது, வீட்டுலயும் பேரு கெட்டுடும். தோத்தவர் டம்ளர் கழுவணும். அவ்வளவுதான். காலம் முழுக்க வீட்டுல ஒரு டம்ளர் கழுவாதவங்க இருக்காங்க பாருங்க, அவங்க தோக்கறப்போ உள்ளே இருந்து பெண்கள் எட்டிப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அதுக்காகவே தோக்கடிக்கலாம்.

தாயம்: வயசானவங்களுக்கான பாடம்

ஏழுக்கு ஏழு கட்டம் போடுங்க, 49 கட்டம். வெளிச் சுத்துல 24, அதுக்கு உள்ளே 16, அதுக்கும் உள்ளே 8, நடுவுல பழம். காய் வெளிச் சுத்தைச் சுத்தி, உள்ளே உள்ளே போய், நடுவுல ஏறினா பழமாச்சு. நாலு பக்கமும் ஒவ்வொருத்தரோட மனை. பெருக்கல் குறி போட்ட கட்டத்துல நிக்கிற காயை வெட்டக் கூடாது. ஒருத்தர் காய் நிக்கிற மத்த கட்டத்துல போய் விழுந்தா வெட்டு. வெட்டுப்பட்ட காய் மனைக்குத் திரும்பி, மறுபடி இறங்கறதுக்குத் தாயம், அதாவது ஒண்ணு, விழணும்னு தவம் கிடக்கணும். வெட்டினவருக்கு இன்னொரு தடவை உருட்டக் கிடைக்கும். ஒரு காயாவது வெட்டாம உள் சுத்துக்குள்ள போக முடியாது. இந்தக் கடைசி விதியை மட்டும் தளத்திடாதீங்க. சாதுவா ஓரமாப் போயிடலாம்னு நினைக்கிறவரையும் இதுதான் சண்டைக்கு இழுக்கும்.

ஆளுக்கு ஆறு காய் வெச்சு ஆடறது எங்க பக்கத்து வழக்கம். வயசானவங்களுக்கு நாலு போதும். ஆறு வெச்சா ஆட்டம் இழுத்துக்கிட்டே போகும், நடுவுல பாத்ரூமுக்கு எழுந்து போனவர் வர்றதுக்குள்ள அவர் காய் இடம் மாறியிருக்கும். யார் மாத்தினதுன்னு கேட்டா எல்லாரும் வானத்தைப் பாப்பாங்க.

பித்தளைக் கட்டையில நாலு பக்கம்: ஒண்ணு, ரெண்டு, மூணு, வெறும் பக்கம். ரெண்டு கட்டையும் சேந்து விழற விதம் 16. ஒண்ணும் வெறுமையும் சேந்தா தாயம், அது 16ல ரெண்டு. அஞ்சும் 16ல ரெண்டு. ஆறு ஒண்ணே ஒண்ணு. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு, அதுவும் ஒண்ணே ஒண்ணு. தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு இந்த நாலுக்கும் மறுபடி உருட்டலாம், ஆக 16ல ஆறு வாய்ப்பு. அடிக்கடி விழறது மூணுதான், 16ல நாலு. சில்லறை எண்ணியே பழகின ஆளு நான், இந்தக் கணக்கை ஒருநாள் டிக்கெட் பின்னாடி எழுதிப் பாத்தேன். அதுல இருந்து எதிராளி காய்க்கு மூணு கட்டம் முன்னாடி என் காயை நிக்கவே விடமாட்டேன். அங்கே நின்னா வெட்டு வாங்கறதுக்கு டோக்கன் எடுத்த மாதிரி. ஆறு கட்டம் தள்ளி நின்னா ஓரளவு நிம்மதி. இதை எங்க கூட்டத்துக்கு இன்னும் சொல்லல. யாராவது படிச்சுக் காட்டிடாதீங்க.

விழற எண்ணைச் சத்தமாச் சொல்லணும். காது மந்தமானவங்களுக்கு அது வசதி, அதோட சத்தம் போடறதுல ஒரு சந்தோஷம். எங்ககிட்ட எண்ணுக்கெல்லாம் செல்லப்பேரு உண்டு. பன்னெண்டு விழுந்தா "மகாமகம்!"னு கத்துவோம். பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதானே மகாமகம் வருது. கடைசியா வந்தது 2016, அடுத்தது 2028. குளத்துல நேர்ல பாக்கக் கொடுத்து வெச்சிருக்கோ இல்லியோ, தாம்பாளத்துல தினமும் மகாமகம் பாத்துடறோம். மூணு விழுந்தா "மறுபடி பாபநாசமா!" அந்தக் காலத்துல எங்க பஸ் பாபநாசத்துல நின்னா சீக்கிரத்துல கிளம்பாது, அதனால வந்த பேரு. உங்க ஊருக்கு ஏத்த பேரை நீங்க வெச்சுக்குங்க. பேரு வெச்ச அன்னைக்குத்தான் அது உங்க ஆட்டம் ஆகும்.

பல்லாங்குழியும் பெண்களோட ஒரு மணி நேரமும்

"பல்லாங்குழி பொம்பளைங்க ஆட்டம்"னு சொல்ற ஆம்பளைங்க, ஒரு தடவை எங்க வீட்டம்மாவோட உட்காந்து பாருங்க. குழிக்கு அஞ்சு, ரெண்டு பக்கமும் ஏழேழு குழி, மொத்தம் எழுபது காய். என் வயசும் அதுவேன்னு அவங்களுக்கு ஒரு கேலி. தன் பக்கத்துல ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டே போகணும். கையில தீந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அடுத்த குழி காலியா இருந்தா அதைத் துடைச்சுட்டு, அதுக்கு அடுத்த குழியில இருக்கிறதை எடுத்துக்கலாம், அதோட முறை முடிஞ்சுது. நடுவுல எந்தக் குழியிலயாவது நாலு சேந்தா அது பசு. குழி யாரோடதோ அவங்க உடனே எடுத்துக்கணும், பேசிக்கிட்டே இருந்து கவனிக்கலேன்னா போச்சு.

எங்க வீட்டம்மா குழியைப் பாத்ததுமே, எங்க தொடங்கினா எங்க போய் முடியும்னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்துடுவாங்க. நான் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினா "விரல் நீட்டக் கூடாது"ம்பாங்க. விரல் நீட்டாம எண்ணறது நல்ல பயிற்சி. சோழியைக் கிள்ளி எடுத்து ஒவ்வொண்ணாப் போடறது விரலுக்கும் வேலை. கை நடுங்கறவங்க சோழிக்குப் பதிலா புளியங்கொட்டை வெச்சுக்கலாம், அதுவும் பெரிய கொட்டையாப் பொறுக்கி. மரப்பலகையில குழி ஆழமில்லாம இருந்தா அடியில பாய் விரிங்க, நழுவாது.

ஆனா பல்லாங்குழியில விதியைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. ரிட்டயர்மென்ட் ஆம்பளைக்குத்தான் வருது. எங்க வீட்டம்மாவுக்கு எந்த ஆபீசும் மாலை போட்டு அனுப்பல. சாயங்காலம் நாங்க நாலு கிழவனுங்க திண்ணையில கத்திக்கிட்டு இருக்க, உள்ளே இருந்து காபி வந்துக்கிட்டே இருந்துச்சுன்னா அது ஒருத்தர் விளையாட்டு, இன்னொருத்தர் வேலை. அதனால வீட்டுல பெண்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வாயால ஒதுக்கினா பத்தாது. அந்த நேரத்துக்கு உண்டான வேலையை நீங்க எடுத்துக்கணும். நான் காய் நறுக்கி, தேங்காய் துருவி வெச்சுடறேன். வாழைப்பூ ஆயறது மட்டும் எனக்கு வராதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன், இப்ப அதுவும் வந்துடுச்சு. பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு மூணு பேர் பல்லாங்குழிக்கு வர்றாங்க. அவங்க கூட்டத்துல மருமகள் பேச்சுக்குத் தடை கிடையாது. ஏன்னு கேட்டதுக்கு, "அதுக்காகத்தானே வர்றோம்"னாங்க.

துணை இல்லாதவங்களுக்குத் தனி ஆளா ஆடற சீதைப் பாண்டி இருக்கு. அசோகவனத்துல சீதை ஆடினதாச் சொல்லுவாங்க. ஆனா நான் சொல்ல வந்தது எதிராளியைப் பத்தி. தனியா ஆடறதை மழை நாளுக்கு வெச்சுக்குங்க.

ஆடு புலி

ரெண்டே பேர், சத்தமில்லாத ஆட்டம், மத்தியானத்துக்கு ஏத்தது. பழைய கோயில் மண்டபங்கள்ல தளக்கல்லுலயே கோடு செதுக்கி வெச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. மலை மாதிரி ஒரு முக்கோணம், குறுக்கே கோடுகள், 23 சந்திப்பு. மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஆட்டை ஒவ்வொண்ணாத்தான் இறக்கணும், எல்லா ஆடும் இறங்கற வரைக்கும் எந்த ஆட்டையும் நகத்தக் கூடாது. புலி முதல்லயே நகரலாம், ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலியா இருந்தா தாண்டிக் கொல்லலாம். புலிங்க நகர முடியாம அடைபட்டா ஆடு ஜெயிச்சுது.

புலி வேணும்னு எல்லாரும் அடிச்சுக்குவாங்க. நீங்க ஆட்டை எடுங்க. வயசானவங்களுக்கு ஆடுதான் பொருத்தம், பொறுமை நம்மகிட்ட நிறைய இருக்கு. முதல் ஆட்டை மூலையில வைங்க, அதைத் தாண்டி இறங்கப் புலிக்கு இடமே கிடையாது. அடுத்த ஆட்டை அதுக்கு முட்டுக்கொடுக்கற மாதிரி வைங்க. நடுவுல தனியா ஒரு ஆட்டை மட்டும் விடாதீங்க. புலிக்காரர் ரெண்டு ஆட்டைத் தின்னுட்டுக் குஷியில மீசையைத் தடவுவார். தடவட்டும். பத்து ஆடு இறங்கின பிறகு அவர் மூஞ்சியைப் பாருங்க.

கேரமும் உண்டு, ஆனா விரல் வீக்கம் இருக்கிறவங்களுக்கு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினா வலிக்கும், எனக்கும் வலிக்குது. வலி இல்லாதவங்க தாராளமா ஆடுங்க. சென்னை மரிய இருதயம் 1991லயும் 1995லயும் உலகச் சாம்பியன் ஆனார், நம்ம ஆளு. பலகையை மட்டும் இடுப்பு உயரத்துக்கு ஏத்தி வைங்க.

பேரன் பேத்தியோட

வேணும்னே தோத்துப் போகாதீங்க. குழந்தைக்கு அது தெரியும். தாத்தா விட்டுக்கொடுக்கறார்னு தெரிஞ்ச அன்னைக்கே அது போனை எடுத்துக்கிட்டுப் போயிடும். நம்மகிட்ட ஊர் காட்டற பரிதாபத்தை நாம குழந்தைகிட்ட காட்டற மாதிரி ஆயிடும். வெட்ட வேண்டிய இடத்துல வெட்டுங்க, அழுதா அழட்டும், அடுத்த நாள் வந்து பழிவாங்கும்.

என் பெரிய பேத்தி ஓசூர்ல இருக்கா. வீடியோ கால்ல தாயம் ஆடறோம். ரெண்டு பேர் வீட்டுலயும் ஒரே மாதிரி கட்டம், ரெண்டு பேர் காயும் ரெண்டு இடத்துலயும் இருக்கும். அவ நகத்தினா நானும் இங்க நகத்தி வைக்கணும். கட்டை உருட்டறதைக் கேமராவுல காட்டியே ஆகணும்னு அவ கண்டிஷன், ஏன்னா தாத்தாவுக்குத் தாயம் அளவுக்கு மீறி விழுதாம். பேசறதுக்கு விஷயம் இல்லாம "சாப்பிட்டியா, படிச்சியா"ன்னு ரெண்டு நிமிஷத்துல முடியற போன், கட்டம் நடுவுல வந்ததும் முக்கால் மணி நேரம் ஓடுது. பள்ளிக்கூடத்துல யார் யாரோட பேசலைங்கற வரைக்கும் எனக்கு இப்ப தெரியும்.

லீவுல வந்தா வேற வேலை. ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் கட்டித் தரணும். கோடையில நுங்கு சாப்பிட்டதும் ரெண்டு கூந்தலை, அதாவது நுங்கு எடுத்த காலிக் காயை, ஒரு குச்சியில கோத்து, கவட்டைக் கம்பால தள்ளிக்கிட்டுப் போற நுங்கு வண்டி. நான் எனக்கும் ஒண்ணு செஞ்சுக்கறேன். தாராசுரம் கோயிலைச் சுத்தி அதைத் தள்ளிக்கிட்டு நடந்தா ரெண்டு சுத்து போனதே தெரியாது. வேடிக்கை பாக்கறவங்க பாக்கட்டும். ஆனா கைத்தடி ஊன்றி நடக்கறவங்க இதைச் செய்யாதீங்க, கவட்டைக் கம்பு தாங்காது. நொண்டி, பாண்டி மாதிரி ஒத்தைக் கால்ல குதிக்கிற எதுவும் நம்ம வயசுல வேண்டாம். குழந்தைங்க குதிக்கட்டும், நாம "கோட்டை மிதிச்சுட்டே"ன்னு நடுவர் வேலை பாக்கலாம். பொய்யாச் சொன்னாலும் நம்பிடுவாங்க.

மார்கழியில வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி கண்விழிக்கிறவங்க பரமபதம் விரிங்க. அதுல மட்டும் வயசு வித்தியாசம் பாக்காம எல்லாரையும் ஒண்ணா உட்கார வைக்கலாம், எந்தத் திறமையும் தேவையில்லை. வைகுண்டத்துக்குப் பக்கத்துல போய்ப் பெரிய பாம்பு வாயில விழறப்போ ஆறு வயசும் எழுபது வயசும் ஒரே மாதிரிதான் கத்தும்.

பல் இல்லாதவங்களுக்கு ஒரு ஆட்டம்

பல்செட் வெச்சிருக்கிறவங்க கூட்டத்துல இருந்தா இதை விடாதீங்க. "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி, கிழ நரி முதுகுல ஒரு முடி நரை முடி." மூச்சு விடாம அஞ்சு தடவை சொல்லணும். பல்செட்டோட ஒரு சுத்து, கழட்டி வெச்சுட்டு ஒரு சுத்து. ரெண்டாவது சுத்துல யார் என்ன சொல்றாங்கன்னு யாருக்கும் புரியாது, நடுவருக்கும் புரியாது. பேரக்குழந்தைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளும். சாப்பிட்ட உடனே செய்யாதீங்க, புரையேறும்.

பித்தளைக் கட்டை கிடைக்காதவங்களுக்கு

நாலு புளியங்கொட்டை எடுங்க, ஒரே அளவா. ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான கல்லுல தேய்க்கணும், கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியற வரைக்கும். தேய்க்கறப்போ ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக்கிட்டா விரல் சுடாது. ரொம்பத் தேய்ச்சா ஒரு பக்கம் கனம் குறைஞ்சு ஒரே மாதிரி விழும், அதை வெச்சு ஒருத்தர் எங்களை ஒரு சீசன் முழுக்க ஏமாத்தினார். நாலையும் குலுக்கிப் போட்டு, மேலே தெரியற வெள்ளையை எண்ணுங்க. ஒண்ணு தாயம், அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. எல்லாம் கறுப்பா விழுந்தா எட்டு. தாயத்துக்கும் நாலுக்கும் எட்டுக்கும் மறுபடி போடலாம். தேய்ச்சு முடிச்ச கொட்டையை அன்னைக்கே எடுத்து ஆடாதீங்க, ஒரு நாள் வெயில்ல காய வைங்க. எதிராளி வீட்டு மாடியில காய வெக்காதீங்க.